சர்வரில் சேவ் கொடுத்தால் சிஸ்டம் விழுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுன், வண்ணார்பேட்டை பக்கம் சின்ன ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ், பத்திரம் எழுதும் இடம், ஸ்கேன் சென்டர் என்று எங்கே போனாலும் அடிக்கடி காதில் விழும் புகார் இதுதான்: "தம்பி, டைப் அடிக்க வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. சர்வர்ல சேவ் குடுத்தா மட்டும் படுத்துருது."

இதற்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், "விண்டோஸ் போச்சு, பார்மட் போடணும்." பார்மட் போட்டால் ஒரு நாள் வேலை கெடும். டேலி, தமிழ் ஃபான்ட், பிரின்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். கோளாறு கேபிளில் இருந்தால் அடுத்த வாரமும் அதே கதைதான். அதனால் இங்கே பார்மட் கடைசியில்தான் வரும்.

சர்வர் என்று நான் சொல்வது பெரிய ரேக் சர்வரை அல்ல. மூலையில் இருக்கும் ஒரு டெஸ்க்டாப்பில் ஒரு போல்டரை ஷேர் போட்டிருப்பார்கள், அல்லது ஒரு நாஸ் பெட்டி (ஹார்ட் டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் நேராகப் பகிரும் பெட்டி) வைத்திருப்பார்கள். நம் பக்கம் பெரும்பாலான ஆபீஸ்களில் அதுதான் சர்வர். மற்றதெல்லாம் விண்டோஸ் 10 அல்லது 11 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடும் முன்

திறந்திருக்கும் ஃபைலை முதலில் காப்பாற்றுங்கள். சிஸ்டம் இன்னும் உயிரோடு இருந்தால் சேவ் கொடுக்காதீர்கள்; 'சேவ் ஆஸ்' கொடுத்து உங்கள் டி டிரைவில் வேறு பெயரில் போடுங்கள். எக்செல், வேர்டில் எஃப்12 அழுத்தினால் நேரே அங்கே போகும். கோளாறு தீரும் வரை எல்லோரும் சொந்த சிஸ்டத்தில் வேலை செய்து, மாலையில் சர்வருக்குக் காப்பி போட்டால் போதும்.

அப்புறம் இதைப் பாருங்கள். ஒரு ஜிபி அளவுள்ள ஏதாவது ஒரு வீடியோ ஃபைலை எடுத்து சர்வர் போல்டருக்குக் காப்பி போடுங்கள். அதே ஃபைலை உங்கள் சிஸ்டத்துக்குள்ளேயே சி-யிலிருந்து டி-க்கும் காப்பி போடுங்கள்.

சர்வருக்குப் போகும்போது மட்டும் விழுந்தால் லான் டிரைவர் (நெட்வொர்க் கேபிள் செருகும் லான் கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்), ஆன்டிவைரஸ், கேபிள் என்று தேட வேண்டும். உள்ளுக்குள்ளேயே விழுந்தால் நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ரேம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டி) மூன்றில் ஒன்று. இரண்டு காப்பியும் நன்றாக முடிந்து, ஒரு சாஃப்ட்வேரில் சேவ் கொடுத்தால் மட்டும் விழுந்தால் அந்த சாஃப்ட்வேரைப் பாருங்கள். பக்கத்து சிஸ்டத்திலும் இதே நேரத்தில் இதே பாடு என்றால் நேராக 'எல்லோருக்கும் ஒரே நேரத்தில்' என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

## நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது

எழுத்தைப் படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பார்கள். கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்று போய் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கீழே 'ஸ்டாப் கோடு' என்று ஒரு வரியும், சில சமயம் 'வாட் ஃபெயில்டு' என்று ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்தான் முக்கியம். திரையில் வராவிட்டால் நிர்சாஃப்டின் 'ப்ளூஸ்கிரீன்வியூ' என்ற இலவச சாஃப்ட்வேர், விண்டோஸ் போல்டருக்குள் மினிடம்ப் என்று சேர்ந்திருக்கும் பதிவுகளைப் படித்துக் காட்டும்.

'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்ற கோடும், என்டிஐஎஸ், டிசிபிஐபி, நெட்ஐஓ போன்ற ஒரு பெயரும் வந்தால் சந்தேகம் லான் டிரைவர், ஆன்டிவைரஸ் இரண்டின் மேலும்தான். அந்த மூன்றும் விண்டோஸின் சொந்த ஃபைல்கள். அவை கெட்டுப்போவது அபூர்வம். வேறு யாரோ தள்ளிவிட, பழி அவற்றின் மேல் விழுகிறது. எந்த ஃபைலையும் இணையத்திலிருந்து தனியாக இறக்கி மாற்றாதீர்கள்.

முதலில் ஆன்டிவைரஸ். ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் இருப்பது இங்கே சர்வ சாதாரணம். லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஒன்று, கடைக்காரர் போட்டுக் கொடுத்தது ஒன்று. 'டிஸேபிள்' கொடுத்துவிட்டுச் சோதித்தால் சோதனை ஆகாது. அதன் டிரைவர் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுதாக அன்இன்ஸ்டால் செய்து, அந்தக் கம்பெனியே தரும் ரிமூவல் டூலையும் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள். அதுவரை விண்டோஸ் டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும். பழைய விபிஎன், ஃபயர்வால், இன்டர்நெட் வேகம் கூட்டுகிறேன் என்று யாரோ போட்ட சாஃப்ட்வேர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து லான் டிரைவர். புகார் விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் லான் கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல்பேக் டிரைவர்' கொடுங்கள். அது மங்கலாக இருந்தால் மதர்போர்டு அல்லது லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு டிரைவரை இறக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் வரும் சாஃப்ட்வேர்கள் வேண்டவே வேண்டாம். அவற்றால் வந்த வினையைத் தீர்ப்பதே எனக்குத் தனி வேலை.

அதற்கும் கேட்கவில்லையா, ஒரு யுஎஸ்பி லான் அடாப்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். போர்டில் இருக்கும் லானை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்துவிட்டு, அதே கேபிளை இந்த அடாப்டரில் செருகி அந்த ஒரு ஜிபி ஃபைலைக் காப்பி போடுங்கள். விழாமல் முடிந்தால் லான் சிப்போ அதன் டிரைவரோதான் குற்றவாளி. நிறைய ஆபீஸில் அந்த அடாப்டரையே நிரந்தரமாக விட்டுவிட்டார்கள், தப்பே இல்லை. மின்னல் அடித்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால் மற்ற படிகளை விட்டுவிட்டு நேராக இந்தச் சோதனைக்கு வரலாம். ஐப்பசி, கார்த்திகை இடியில் லான் போர்ட் பாதி செத்து பாதி உயிரோடு இருப்பதுண்டு. லைட் எரியும், இன்டர்நெட் வரும், பெரிய ஃபைல் போனால் விழும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஸ்டாப் கோடு வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். சிஸ்டத்தை அணைத்து, பவர் கார்டை உருவி, ரேமைக் கழற்றி அதன் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி அல்ல, பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ராத்திரி கடை சாத்தும்போது மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை சாஃப்ட்வேரை ஓடவிட்டுப் போனால் காலையில் பதில் இருக்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம்.

இத்தனையும் பார்த்தும் விழுந்தால்தான் பார்மட். பார்மட் போட்டும் விழுந்தால் மதர்போர்டு. அங்கே ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

## நீலத்திரை எதுவும் இல்லை, பட்டென்று அணைகிறது

ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால் அணைந்த நேரத்துக்கு 'கெர்னல் பவர் 41' என்று ஒரு சிவப்புப் பதிவு இருக்கும். அதற்குள் 'பக்செக் கோடு' 0 என்று இருந்தால் பெரும்பாலும் கரன்ட் பக்கம் பாருங்கள். விண்டோஸுக்குத் தான் விழுவதை எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பழைய பதிவுகளையும் தேதி பார்த்து ஒப்பிடுங்கள். சேவ் கொடுக்காத நேரத்திலும் அணைந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். சேவ் நேரத்தில் அணைந்தால்தான் வயிறு எரியும், அதனால் அது மட்டும் நினைவில் நிற்கிறது.

பவர் கார்டு தளர்ந்திருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். யுபிஎஸ்ஸில் லேசர் பிரின்டரைச் செருகியிருந்தால் உடனே உருவிவிடுங்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரன்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. யுபிஎஸ்ஸின் பேட்டரி வயதையும் கேளுங்கள். மெயினை அணைத்துச் சோதிப்பதானால் எந்த ஃபைலும் திறந்திருக்கக் கூடாது.

சித்திரை வெயிலில் மட்டும் வரும் கோளாறு என்றால் தூசி. அச்சகங்களில் பேப்பர் தூளும் மையும் சேர்ந்து பிராசஸர் ஃபேனுக்கு அடியில் கம்பளி போல அப்பிக்கொள்ளும். கோரல்டிராவில் பெரிய ஃபைலைச் சேவ் கொடுக்கும்போது பிராசஸர் முழு வேகத்தில் ஓடும், சூடு ஏறும், தானே அணைந்துகொள்ளும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டு ஊதக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ். பக்கத்து சிஸ்டத்தில் இருப்பதை மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம், ஆனால் அதைத் திறக்காதீர்கள். கரன்டை உருவின பிறகும் உள்ளே ஷாக் இருக்கும். கேபினட்டைத் தொட்டால் கையில் சுரீர் என்றால் கம்ப்யூட்டர் ஆள் வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள்.

## நாட் ரெஸ்பாண்டிங்: திரை வெளுத்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

உண்மையில் சிஸ்டம் விழவில்லை, காத்திருக்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்தால் பாதி நேரம் தானே மீளும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொல்வதால்தான் ஃபைல் கெடுகிறது.

'திஸ் பிசி'யைத் திறந்து பாருங்கள். சிவப்புப் பெருக்கல் குறியோடு எக்ஸ், ஒய், இசட் என்று டிரைவ்கள் இருக்கிறதா? சும்மா கிடந்தால் 15 நிமிடத்தில் இணைப்பைத் துண்டிப்பது சர்வராக இருக்கும் விண்டோஸின் வழக்கம். டபுள் கிளிக் செய்ததும் திறந்தால் அது கோளாறே அல்ல. திறக்காத டிரைவ்தான் பிரச்சினை. போன வருடம் தூக்கிப்போட்ட சர்வரின் டிரைவ் இன்னும் அங்கே இருக்கும். சேவ் பெட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்தச் செத்த சர்வரைத் தேடிக்கொண்டு நிற்கும். வலது கிளிக் செய்து 'டிஸ்கனெக்ட்' கொடுங்கள். இடது பக்கம் 'குயிக் ஆக்சஸ்' பட்டியலில் பின் செய்திருக்கும் பழைய நெட்வொர்க் போல்டர்களையும் எடுத்துவிடுங்கள். இது ஒன்றே தீர்த்துவைத்த ஆபீஸ்கள் நிறைய.

சர்வராக இருக்கும் டெஸ்க்டாப்பில் ஸ்லீப் 'நெவர்' என்று இருக்கிறதா பாருங்கள். மதியம் சாப்பிட்டு வந்த பிறகு முதல் சேவ் மட்டும் தொங்குகிறது என்றால் இதுதான் காரணம்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் லான் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்', 'கிரீன் ஈதர்நெட்', 'லார்ஜ் சென்ட் ஆஃப்லோட்' ஆகியவற்றை ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்து காப்பிச் சோதனை போடுங்கள். மொத்தமாக மாற்றினால் எது மருந்து என்று தெரியாமல் போகும். பலன் தராததைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள்.

### கேபிள்

கேபிளைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்டர்நெட் ஓடுகிறது, அதனால் கேபிள் நல்லதுதான் என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுக் காட்டும் மெக்கானிக்குகளும் உண்டு. சாதா பிங் ஒரு தடவைக்கு 32 பைட்தான் அனுப்பும். அது ஒழுங்காகப் போவதை வைத்து 80 எம்பி அழைப்பிதழ் டிசைன் ஒழுங்காகப் போகும் என்று சொல்ல முடியாது.

ஈதர்நெட் ஸ்டேட்டஸைத் திறந்து 'ஸ்பீடு' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கார்டும் ஸ்விட்சும் (எல்லா சிஸ்டத்தின் லான் கேபிளும் வந்து சேரும் பெட்டி) ஜிகாபிட் என்றால் 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் கேபிளுக்குள் ஒரு ஜோடி கம்பி தொடவில்லை என்று கிட்டத்தட்ட முடிவே கட்டலாம். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் சரியாக இருந்து நீலமோ பிரவுனோ அறுந்தால் இப்படி இறங்கி ஓடும். 100-க்கும் 1000-க்கும் நடுவில் மாறி மாறி ஆடினால் இன்னும் மோசம். ஒவ்வொரு ஆட்டத்திலும் இணைப்பு ஓரிரு நொடி அறுந்து ஒட்டுகிறது, அந்த நொடியில் சேவ் கொடுத்தவருக்குத் திரை வெளுக்கிறது.

சுவர் வழியாகப் போகும் கேபிளைத் தொடாமல், கடையில் வாங்கிய ஒரு ரெடிமேட் பேட்ச் கேபிளை சிஸ்டத்துக்கும் ஸ்விட்சுக்கும் நேராகத் தரையில் போட்டுச் சோதியுங்கள். சரியானால் பழைய கேபிளின் இரு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யலாம், அதாவது புது கனெக்டரை அழுத்தி மாட்டலாம். வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இரண்டு முனையும் ஒரே வரிசை. வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து பிடிபட்டிருக்க வேண்டும். கம்பி மட்டும் உள்ளே போய் உறை வெளியே நின்றால் சேர் இடிக்கும்போதெல்லாம் ஆடும். விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். வெட்டின முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். அதைக் கிரிம்ப் செய்துகொண்டே இருக்கலாம், தீராது, மாற்றிவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கம் தரைத்தளமெல்லாம் தண்ணீர் நின்றதே, அதற்குப் பிறகு நிறையப் பேர் சிஸ்டத்தை மாற்றினார்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த லான் பாக்ஸை மாற்றவில்லை. புது சிஸ்டம் வாங்கியும் சேவ் தொங்குகிறது என்றால் அந்த பாக்ஸைத் திறந்து பாருங்கள். பின்களில் பச்சையாகக் களிம்பு இருந்தால் பாக்ஸோடு கேபிளும் போக வேண்டியதுதான். எலி கடித்தது தனிக் கணக்கு. ஃபால்ஸ் சீலிங் இருக்கும் கடைகளில் மேலே ஏறிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

## 'டிலேய்டு ரைட் ஃபெயில்டு' என்று வருகிறது, அல்லது ஃபைல் பூஜ்ஜியம் கேபியாக நிற்கிறது

சேவ் முடிந்தது என்று சிஸ்டம் சொல்லிவிட்டது. ஆனால் டேட்டா சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவழியில் இணைப்பு அறுந்திருக்கிறது.

ஸ்விட்ச் எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிஸ்டம் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்கும், சர்வரும் இருக்கும், ஸ்விட்ச் மட்டும் சுவரில் நேர் கரன்டில் தொங்கும். கரன்ட் போகும், எல்லோர் திரையும் எரிந்துகொண்டே இருக்கும், "சீக்கிரம் சேவ் போடுங்க" என்று ஓனர் சத்தம் கொடுப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் சேவ் கொடுப்பார்கள், அணைந்துபோன ஸ்விட்ச் வழியாக. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கும் நாளில் எனக்கு இந்த போன் வராமல் இருந்ததில்லை. ஸ்விட்சையும் ரவுட்டரையும் சர்வர் இருக்கும் அதே யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். அவை இழுக்கும் கரன்ட் கொஞ்சம்தான்.

ஸ்விட்சின் அடாப்டர் பழசாகி வலுவிழந்தாலும் இதே போல ஆகும்: லைட் எல்லாம் எரியும், சில நேரம் மொத்தமாக ஒருமுறை மின்னி மீளும். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டரை மாட்டிப் பாருங்கள்.

சர்வரின் டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு டிஸ்க்கின் ஆரோக்கியம் என்ன நிறம் காட்டுகிறது என்று பாருங்கள். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் 'காஷன்' காட்டினால் அன்றைக்கே பேக்கப், அந்த வாரமே புது டிஸ்க். 'சிஆர்சி எரர்' எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை விட்டுவிட்டு, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள், செலவு மிச்சம்.

போட்டோஷாப்பில் மட்டும் இது வந்தால் வேலை செய்யும் பழக்கத்தை மாற்றுவது ஒன்றே வழி. சொந்த டிஸ்க்கில் வைத்து வேலை செய்வதற்குத்தான் அடோபியின் சப்போர்ட் உண்டு. நெட்வொர்க்கில் இருக்கும் ஃபைலை நேராகத் திறந்து சேவ் செய்வதற்கு இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பேஜ்மேக்கர், கோரல்டிராவையும் நான் அப்படித்தான் நடத்தச் சொல்வேன். ஃபைலை டி டிரைவுக்கு இழுத்து, வேலை முடித்து, மூடிவிட்டு, திரும்ப சர்வருக்குப் போடுங்கள். பங்குனி முகூர்த்தச் சீசனில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். அந்தச் சீசனில்தான் பெண் வீட்டார் பெயரோடு அழைப்பிதழ் ஃபைலே கெட்டுப் போகும்.

## ஒரு சில ஃபைல் மட்டும் சேவ் ஆகாது, மற்றதெல்லாம் ஆகும்

இதில் பழுது எதுவும் இல்லை. பெயரிலோ அளவிலோ அனுமதியிலோ சிக்கல்.

பத்திரம் எழுதும் இடங்களில் ஃபைல் பெயரைத் தமிழில் முழு விவரத்தோடு வைப்பார்கள்: ஊர், வட்டம், சர்வே எண், எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர். அவர்கள் விண்டோஸில் இது சேவ் ஆகும், நாஸ் பெட்டியில் ஆகாது. நாஸ்களில் ஓடும் லினக்ஸ், ஒரு பெயருக்கு 255 பைட்தான் அனுமதிக்கும். தமிழில் உயிர்மெய்யின் மெய்க்கு 3 பைட், அதன் மேல் ஏறும் காலுக்கோ கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொரு 3. 'திருநெல்வேலி' என்ற ஆறெழுத்துக்கு 36 பைட் போய்விடும். ஏழு தடவை எழுதினாலே பெட்டி நிரம்பிவிட்டது. அந்த ஷேர் போல்டரை என்கிரிப்ட் செய்திருந்தால் சில நாஸ்களில் வரம்பு 143 பைட்டாகக் குறையும். அப்போது நாலாவது திருநெல்வேலி நுழையாது. ஆண்டு, பத்திர எண், ஒரு பெயர் என்று சுருக்கி வைத்து, மீதியை போல்டர் பெயரில் பிரித்துவிடுங்கள். ஆனால் போல்டருக்குள் போல்டர் என்று அடுக்கிக்கொண்டே போகவும் வேண்டாம்; டிரைவ் எழுத்திலிருந்து கடைசி வரை மொத்தப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல விண்டோஸ் சாஃப்ட்வேர்கள் மறுக்கும்.

ஸ்கேன் சென்டர், வீடியோ கடைகளில் 4 ஜிபி தாண்டிய ஃபைல் மட்டும் மறுக்கப்பட்டால், ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் ஃபேட்32-வில் பார்மட் ஆகியிருக்கும். டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ரவுட்டர் ஏற்றுக்கொண்டால் என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

எக்செல் சேவ் கொடுத்தால் பிழை வந்து, போல்டரில் எட்டெழுத்தில் அர்த்தமில்லாத பெயரோடு குப்பை ஃபைல்கள் சேர்கின்றனவா? அனுமதி குறை. எக்செல் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, பழையதை நீக்கி, பிறகு பெயர் மாற்றும். எழுதலாம் ஆனால் நீக்கக் கூடாது என்று ஷேர் போட்டிருந்தால் நடுவில் நிற்கும். சர்வரில் அந்தப் போல்டரின் 'ஷேரிங்' பக்கம், 'செக்யூரிட்டி' பக்கம் இரண்டிலும் பார்க்க வேண்டும். இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் 'சேஞ்ச்', செக்யூரிட்டியில் 'மாடிஃபை' இருந்தால் போதும். 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று திறந்துவிடாதீர்கள்.

## எல்லோருக்கும் ஒரே நேரத்தில்

ஸ்விட்ச் லைட்டுகளைப் பாருங்கள். எல்லா லைட்டும் ஒரே சீராக, வெறி பிடித்த மாதிரி மின்னினால், யாரோ தரையில் கிடந்த கேபிளின் மறுமுனையை அதே ஸ்விட்சில் செருகியிருக்கிறார்கள். கூட்டிப் பெருக்கும்போது நல்லெண்ணத்தில் நடக்கும் காரியம். கேபிளை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் அடங்குகிறதோ அதுதான்.

இன்னொன்று, ஐபி மோதல். ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள முகவரி எண். சர்வருக்கு நிரந்தர ஐபி கொடுத்திருப்பார்கள். புதிதாக வந்த பிரின்டரோ கேமரா பெட்டியோ அதே எண்ணை எடுத்துக்கொள்ளும். சர்வர் கேபிளை உருவிவிட்டு அதன் ஐபிக்கு பிங் போடுங்கள். இன்னும் பதில் வந்தால் வேறு யாரோ அங்கே இருக்கிறார்கள்.

சாதா விண்டோஸ் 10, 11-ஐ சர்வராக வைத்தால் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான். ஆள் கூடிய ஆபீஸில் காலை பத்தரைக்கு மேல் மட்டும் தகராறு என்றால் இதைப் பாருங்கள். தீர்வு நாஸ் அல்லது சர்வர் விண்டோஸ். வேறு குறுக்கு வழி இல்லை.

சர்வரே நீலத்திரையில் விழுந்தால், மேலே நீலத்திரைக்குச் சொன்னதை சர்வரில் செய்ய வேண்டும். ஆனால் முழு பேக்கப் கையில் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

## புது சிஸ்டம் வாங்கிய பிறகு பழைய நாஸில் சேவ் ஆகவில்லை

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவில் பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' ஷேரை விண்டோஸ் ஏற்பதில்லை. ஷேர் போல்டருக்கு விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி முறையில், டேட்டா நடுவில் மாறவில்லை என்று உறுதி செய்யும் 'சைனிங்'கும் கட்டாயம். நாஸில் ஒவ்வொருவருக்கும் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, நாஸின் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் பெரும்பாலும் முடிந்தது. யூடியூபில் பார்த்து எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் நுழைந்தது அந்தப் பழைய எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். அது மட்டுமே தெரிந்த நாஸ் என்றால் அதற்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

## ஆளைக் கூப்பிடும்போது

ஸ்டாப் கோடு போட்டோ, எந்த சாஃப்ட்வேர், எவ்வளவு பெரிய ஃபைல், அந்த ஒரு ஜிபி காப்பிச் சோதனையில் என்ன ஆயிற்று, கடைசியாக என்ன புதிதாகப் போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சு, ஒண்ணுமே செய்யலியே அண்ணாச்சி" என்றால் நானும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும். வந்தவர் எதையும் பார்க்காமல் பார்மட் சிடியை எடுத்தால் காரணம் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். சர்வர் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தாலோ, நாஸில் ஒரு டிஸ்க் சிவப்பாகி இன்னொன்றும் மஞ்சளானாலோ உடனே ஷட்டவுன் கொடுத்து அணையுங்கள். செக் டிஸ்க் ஓட்ட வேண்டாம், டிஸ்க்கைக் கழற்றி இடம் மாற்றி மாட்ட வேண்டாம், 'ரீபில்ட்' அழுத்த வேண்டாம். எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று மேலே மார்க்கரால் எண் எழுதி, பெட்டியோடு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். செலவு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு ஒப்படையுங்கள்.